சினிமாக் கொட்டகையைப் பாடமாக்கிய பேராசிரியர்: கார்த்திகேசு சிவத்தம்பி

குளுவாங் வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பழைய படத்தில் வந்துதான் நிற்கும். அது ரயில் நிலையக் காப்பிக் கடையாக இருக்கலாம், கோயில் திருவிழாப் பந்தலாக இருக்கலாம், கல்யாண மண்டபத்துப் பந்தியாகவும் இருக்கலாம். எம்.ஜி.ஆர். பெரியவரா, சிவாஜி பெரியவரா என்ற வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை. ரெங்கம், லாயாங்-லாயாங், பாலோ, காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் படம் என்றால் திடலில் கட்டிய வெள்ளைத் துணிதான் முதலில் நினைவுக்கு வரும். துணியின் முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் பின்பக்கம் உட்கார்ந்து, இடது கையால் வாள் வீசும் வீரனைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும் உண்டு.

இந்தப் பேச்சையெல்லாம் பிள்ளைகள் வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்து எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் இதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். சங்க இலக்கியத்தில் பெரும் புலமை பெற்றவர் அவர். ஏழை எளிய தமிழர்கள் கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்ததைத் தமிழ்ச் சமூக வரலாற்றின் முக்கியமான நிகழ்வு என்று எழுதிக் காட்டினார். அவர்தான் யாழ்ப்பாணம் தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி.

கரவெட்டியிலிருந்து கொழும்புக்கு

இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் கரவெட்டி என்று ஓர் ஊர். அங்கே 1932-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி சிவத்தம்பி பிறந்தார். தந்தையார் கார்த்திகேசு பண்டிதர், ஆசிரியர். தாயார் வள்ளியம்மை. தமிழும் சைவமும் புழங்கிய வீடு. ஊரிலேயே விக்னேஸ்வரா கல்லூரியில் படித்தார்.

பிறகு மேற்படிப்புக்குக் கொழும்பு சாகிராக் கல்லூரியில் சேர்ந்தார். அது முஸ்லிம் சமூகம் நடத்திய கல்லூரி. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அதிபராக இருந்த காலம் அது. சைவப் பண்டிதரின் மகன் அங்கே முஸ்லிம் மாணவர்களோடு ஒன்றாக இருந்து படித்தான். தமிழ் என்பது ஒரு சமயத்துக்கோ ஒரு சாதிக்கோ ஓர் ஊருக்கோ மட்டும் சொந்தமானதல்ல என்பதை அந்த வயதிலேயே கண்ணால் கண்டான். பின்னாளில் அதே சாகிராவில் ஆசிரியராகவும் வேலை செய்தார்.

அடுத்துப் பேராதனையில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகம். அங்கேதான் நாடகம் அவரைப் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதி மாணவர்களை நடிக்க வைத்தார். சிவத்தம்பி அதில் நல்ல நடிகராகப் பெயர் வாங்கினார். இலங்கை வானொலியில் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' என்ற தொடர் நாடகத்திலும் அவர் குரல் ஒலித்தது. பேராசிரியர் என்று உலகம் அறிவதற்கு முன்பே இலங்கைத் தமிழர் வீடுகளில் அவர் குரல் பழகிவிட்டது. மேடை ஏறியவனுக்குத்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் அருமை தெரியும். அவர் பிற்காலத்தில் செய்த ஆராய்ச்சி முழுவதிலும் இந்தப் பார்வை இருந்தது. மேடையில் நடப்பதைப் பார்ப்பதோடு நில்லாமல் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கவனித்தார்.

பின்னர் நாடாளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வேலை. பிறகு வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். நாட்டுக்கூத்தை மீண்டும் மேடையேற்றப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எடுத்த முயற்சிக்கும் தோள் கொடுத்தார்.

கிரேக்க நாடகத்திலிருந்து தமிழ்க் கூத்துக்கு

முனைவர் பட்டத்துக்கு அவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஜார்ஜ் தாம்சன். கிரேக்க மொழிப் பேராசிரியர், மார்க்சிய அறிஞர். பண்டைய கிரேக்க நாடகம் எந்தச் சமூகத்தில் பிறந்தது, எந்தச் சடங்கிலிருந்து வளர்ந்தது, யாருக்காக நடந்தது என்று தேடியவர். இலங்கையின் இன்னொரு பெரிய திறனாய்வாளரான க. கைலாசபதியும் தாம்சனிடம்தான் ஆராய்ச்சி செய்தார்.

சிவத்தம்பி தமிழுக்கும் அதே கேள்விகளைக் கேட்டார். பழந்தமிழ்ச் சமூகத்தில் நாடகம் எப்படி இருந்தது? ஆடியவர்கள் யார்? பாணரும் பொருநரும் கூத்தரும் சமூகத்தில் எந்த இடத்தில் இருந்தார்கள்? அரசர்கள் வலுத்து, வணிகம் வளர்ந்தபோது அவர்களுக்கு என்ன ஆயிற்று? இந்த ஆராய்ச்சிக்காக 1970-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் இது ஆங்கில நூலாகவும் வெளிவந்தது.

இவ்வளவு பழைய காலத்தில் மூழ்கியிருந்தவர் சினிமாவுக்கு எப்படி வந்தார் என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. கூத்துக் களரியைப் பற்றிக் கேட்ட கேள்வியையே அவர் சினிமாக் கொட்டகையைப் பற்றியும் கேட்டார். மக்கள் எங்கே கூடுகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்விதான் அது.

ஒரே கூரையின் கீழ்

அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடைதான் அவர் பெயரை உலகத் திரைப்பட ஆய்வாளர்கள் மத்தியில் நிலைக்க வைத்தது. அதை எளிமையாகச் சொல்லலாம்.

சினிமா வருவதற்கு முன் தமிழர் கூடிய இடங்கள் எவை? கோயில், கூத்துக் களரி, சபா, திருவிழா. இவை எல்லாவற்றிலும் இன்னார் இங்கேதான் நிற்கலாம் என்ற கட்டு இருந்தது. சிலர் உள்ளே போகலாம், சிலர் வாசலோடு நிற்க வேண்டும், சிலர் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் காலடி வைத்ததே 1939-இல்தான். சிவத்தம்பியின் சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய 1968-இலும் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் சரிசமமாக உட்கார்வதற்குக்கூட அங்கே போராட வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர், கூடவே வாழ்ந்தவர்.

சினிமாக் கொட்டகை இந்தக் கட்டை உடைத்தது. அங்கே வாசலில் நிற்பவன் சாதியைக் கேட்கவில்லை, டிக்கெட்டைக் கேட்டான். தரை, பெஞ்சு, நாற்காலி, பால்கனி என்று பிரிவு உண்டுதான். ஆனால் அந்தப் பிரிவைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, பையில் இருந்த காசு தீர்மானித்தது. உயர்ந்த டிக்கெட் வாங்க வசதியில்லாத மேல்சாதிக்காரர் ஒன்று வீட்டிலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரோடும் தரையில் உட்கார வேண்டும். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் முடிவு.

இன்று இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் சினிமாவை வாசற்படி ஏற்றவில்லை. இலக்கணம், சங்கம், பக்தி, காப்பியம் இவைதாம் படிப்பு. சினிமாவைப் பற்றிப் பேசுபவர் கெட்டிக்காரராக இருக்கலாம், புலவராக முடியாது என்பதுதான் பொதுக் கருத்து. சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் இந்தக் கதவைத் திறந்ததுதான் இதில் முக்கியம்.

படமும் அரசியலும்

1981-இல் சென்னை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவருடைய சிறிய ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டது. தமிழ்ப்படம் எப்படி அரசியலை மக்களிடம் கொண்டு சேர்க்கும் சாதனமாக ஆயிற்று என்பதே அதன் பொருள்.

அதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. முதலில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்ப் படம் எடுத்தார்கள். பிறகு சென்னையில் ஸ்டூடியோக்கள் எழுந்தன. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் பட்சிராஜா, சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி, காரைக்குடியில் தொடங்கிக் கோடம்பாக்கத்துக்கு வந்த ஏ.வி. மெய்யப்பனின் ஏவிஎம். ஸ்டூடியோவுக்குள்ளேயே நடிகருக்கும் பாடலாசிரியருக்கும் தச்சருக்கும் தையற்காரருக்கும் மாதச் சம்பளம். நம் தோட்டத்துப் பெரட்டுக்களம் போலவே அங்கேயும் காலையில் ஆள் கணக்கு எடுத்து வேலை நடந்த காலம். 1944-இன் 'ஹரிதாஸ்', 1948-இன் 'சந்திரலேகா' போன்றவை அந்தக் காலத்துப் படங்கள்.

பிறகு வசனத்தின் காலம் வந்தது. 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி', 1950-இல் கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி', 1952-இல் 'பராசக்தி'. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்த நாட்டில் பத்திரிகை எத்தனை பேரிடம் போகும்? மேடைப் பேச்சு எத்தனை ஊருக்குப் போகும்? ஆனால் ஒரு படப்பெட்டி எல்லா ஊருக்கும் போகும். கொட்டகைக்கு வெளியே வந்தவன் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவான். அரசியல் கட்சி செய்ய வேண்டிய வேலையைப் படம் செய்தது. 1967-இல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. 1977-இல் ஒரு நடிகரே முதலமைச்சர் ஆனார்.

இதை வெறும் கவர்ச்சி என்று தள்ளிவிடச் சிவத்தம்பி மறுத்தார். ஏமாந்த மக்கள் என்று ஏளனம் செய்வதையும் அவர் ஏற்கவில்லை. கோயிலிலும் சபையிலும் தங்களுக்கு இடம் இல்லாத மக்கள், இடம் கிடைத்த ஒரே கூடத்தில் தங்கள் கதையைக் கேட்டார்கள். அங்கே தங்களுக்காகப் பேசியவனைத் தங்கள் தலைவனாக ஏற்றார்கள். முதலில் கொட்டகை, பிறகு கட்சி, அதன் பின் ஆட்சி என்ற தொடர்பை அவர் காட்டினார். அதே நேரத்தில் அவர் மார்க்சியர். படத்தில் ஏழை ஜெயிப்பதும் வாழ்க்கையில் ஏழை ஜெயிப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் மறக்கவில்லை. சினிமாவைக் கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. அது சமூகத்தில் செய்த வேலையை எடைபோட்டுப் பார்த்தார்.

'பராசக்தி'யை நினைத்துப் பாருங்கள். அதன் கதை ரங்கூனில் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பத்தில் தொடங்குகிறது. தாய்நாட்டுக்குத் திரும்பி வரும் இளைஞன் ஏமாற்றப்பட்டுத் தெருவில் நிற்கிறான். கடல் தாண்டி வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு அது வேறு யாருடைய கதையோ அல்ல.

அதே 1981

அந்த ஆண்டைத் தமிழர்கள் வேறொரு காரணத்துக்காக மறக்க முடியாது. 1981 மே 31-ஆம் தேதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. திரும்பக் கிடைக்காத பிரதிகள் பல அவற்றில் இருந்தன.

சிவத்தம்பி அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1978-இல்தான் அங்கே வந்திருந்தார். எழுதி வைத்ததே ஒரே இரவில் எரிந்துபோகும் என்றால், எழுதாமலே விட்டதன் கதி என்ன? சினிமாக் கொட்டகை, கூத்து, மக்கள் பேச்சு இவையெல்லாம் யாரும் எழுதி வைக்காதவை. அவற்றை ஆவணப்படுத்திய ஒரு நூல் வெளிவந்த ஆண்டிலேயே ஓர் இனத்தின் நூலகம் எரிந்தது என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அடுத்த ஆண்டு, 1982 டிசம்பரில், நண்பர் கைலாசபதி 49 வயதில் காலமானார். 1983-இல் கலவரம், பிறகு போர். மாணவர்கள் சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், சிலர் நாட்டை விட்டே போனார்கள். பேராசிரியர் அங்கேயே இருந்தார். மக்கள் குழுக்களில் பொறுப்பேற்று, பிடிபட்ட பிள்ளைகளுக்காகவும் வீடிழந்த குடும்பங்களுக்காகவும் அதிகாரிகளின் முன்னால் போய் நின்றார். வகுப்பறையில் பாடம் நடத்திவிட்டு மாலையில் கண்ணீரோடு வந்த தாய்மாரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையும் அந்த நாளில் அவர் போன்றவர்களுக்குத்தான் இருந்தது.

அந்த நெருக்கடியிலும் எழுத்து நிற்கவில்லை. தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை 1967-லேயே எழுதியவர், 1978-இல் நாவலைப் பற்றியும் 1988-இல் தமிழில் இலக்கிய வரலாறு எழுதப்பட்ட முறையைப் பற்றியும் நூல்கள் தந்தார். வரலாறு என்பது நடந்ததன் பட்டியல் மட்டுமல்ல, யார் எழுதுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான் என்பது அவர் தந்த பாடம்.

அவர் திறந்த வழி

1981-இல் இன்னொரு நூலும் சென்னையில் வந்தது. தியடோர் பாஸ்கரன், 1880 முதல் 1945 வரை நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்துக்கு எப்படி உதவின என்று ஆங்கிலத்தில் எழுதினார். 1992-இல் எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் திரை உருவம் எப்படி ஏழைகளின் வாக்காக மாறியது என்பதைப் பற்றி எழுதினார். பத்திரிகைத் தொடர்பாளராக இருந்த பிலிம் நியூஸ் ஆனந்தன், ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் புகைப்படத்தையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார். இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் தமிழ்ப்படத்தை ஆராய்கிறவர்கள், கொட்டகையின் ஒரே கூரை பற்றிய சிவத்தம்பியின் அந்தக் கருத்தைத் தொட்டுக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. ஒத்துக்கொள்கிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. கொட்டகைக்குள்ளும் சாதி வேறு வடிவில் இருந்தது என்றும், பெண்களுக்கு அந்தச் சமத்துவம் முழுமையாகக் கிடைக்கவில்லை என்றும் வாதிடலாம். ஆனாலும் அவர் எழுதியதைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு ஆராய்ச்சியாளனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

நம் தோட்டத்துத் திடலில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். சிவத்தம்பியின் கேள்வியை நம் தோட்டங்களில் கேட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

தோட்டத்துத் திடல் படத்துக்கு டிக்கெட் கிடையாது. ஆகவே காசு ஆளைப் பிரிக்கவில்லை. ஆனால் பல தோட்டங்களில் நாற்காலி துரைக்கும் கிராணிமாருக்கும்தான். பால்மரம் வெட்டியவர்களும் வெளிக்காட்டு வேலைக்குப் போனவர்களும் பாயையோ சாக்கையோ விரித்துப் புல்லில் உட்கார்ந்தார்கள். கோயிலில் பரிவட்டத்துக்குச் சண்டை போட்டவர்கள்கூடப் புல்தரையில் அருகருகே உட்கார்ந்து ஒன்றாக அழுதார்கள், ஒன்றாகச் சிரித்தார்கள். சம்பளம் போட்ட வாரத்தில் லாரியோ பஸ்ஸோ பிடித்துக் குளுவாங் பட்டணத்துக்குப் போய்த் தியேட்டரில் டிக்கெட் வாங்கியபோதுதான் நிலைமை மாறியது. அங்கே நாற்காலிக்குக் காசு கொடுத்தவன், கிராணியாரின் பக்கத்திலேயே உட்காரலாம். மறுநாள் காலையில் பெரட்டில் கைகட்டி நிற்க வேண்டியவன், அந்த மூன்று மணி நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

படம் அரசியலைச் சுமந்து வரும் என்பதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஜொகூரின் இந்தப் பகுதி மிகவும் பாதிக்கப்பட்டது. அரசாங்கத்தின் தகவல் இலாகா வண்டிகள் படக்கருவியோடு தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் போயின. 1946-இல் அமைக்கப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் எடுத்த படங்களைத் தமிழிலும் காட்டினார்கள். கம்யூனிஸ்டுகள் பக்கம் போகாதே என்று மக்களுக்குச் சொல்லத்தான் அந்த ஏற்பாடு. சிவத்தம்பி தன் நூலில் ஆராய்ந்த விஷயம், வேறொரு கையில், வேறொரு நோக்கத்தோடு, நம் திடலிலேயே நடந்தது.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவிலும் நம்மவர் கை இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் அங்கே மலாய்ப் படங்கள் எடுத்தார்கள். பி. ரம்லி முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 1950-ஆம் ஆண்டின் 'பக்தி' படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். நம் நாட்டின் பழைய மலாய்ப் படங்களில் தமிழ்ப்படத்தின் சாயல் ஏன் தெரிகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

இதையெல்லாம் யார் எழுதினார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயத்து வீடுகள் இடிந்தன. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் போய்விட்டார்கள். பழைய தியேட்டர்கள் வேறு கடைகளாக மாறின, சில இடிந்தே போயின. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் என்ன படம் காட்டினார்கள், யார் படக்கருவியை ஓட்டினார், எந்த ரசிகர் மன்றம் எந்தப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் நாலு பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அந்த நினைவும் ஒவ்வோர் ஆண்டும் நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

கடைசி ஆண்டுகள்

பேராசிரியரின் பிற்காலம் கொழும்பில் கழிந்தது. உடல் நலம் குன்றியது. நடப்பதே சிரமமாயிற்று. ஆனாலும் வீடு தேடி வந்த மாணவர்களுக்கும் இளம் எழுத்தாளர்களுக்கும் கதவு திறந்தே இருந்தது.

தமிழகத்தோடு அவருக்கு இருந்த உறவு இனிப்பும் கசப்பும் கலந்தது. 1995-இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டுக்குப் போனவரை, வேறு சில இலங்கை அறிஞர்களோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழுக்காக நடந்த மாநாட்டில் ஒரு தமிழ்ப் பேராசிரியருக்கு இடம் இல்லாமல் போனது. ஐந்தாண்டு கழித்து அதே தமிழ்நாடு அரசு அவருக்குத் திரு.வி.க. விருது கொடுத்தது. 2010-இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் கலந்துகொண்டார். இலங்கையில் போர் முடிந்த ரணம் ஆறாத நேரத்தில் போகலாமா என்று சிலர் அவரைக் குறை சொன்னார்கள். எல்லாரையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் வாழ்க்கை அவருக்கு அமையவில்லை. இடதுசாரிகள் சிலர் அவரைத் தமிழ்த் தேசியர் என்றார்கள். தமிழ்த் தேசியர்கள் சிலர் அவரை இடதுசாரி என்றார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

2011 ஜூலை 6-ஆம் தேதி, 79 வயதில், சிவத்தம்பி காலமானார். மனைவி ரூபவதியும் மூன்று பெண் மக்களும் அவரை வழியனுப்பினர்.

அவரை நினைக்க நாம் சிலை எழுப்ப வேண்டியதில்லை. அடுத்த முறை தாத்தாவோ பெரியப்பாவோ பழைய படக்கதையை எடுத்தால் எழுந்து போகாமல் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அலமாரியில் கிடக்கும் மன்றத்துப் படத்தின் பின்பக்கம் பெயர்களையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு ஒரு விடுமுறை வேலையாகவே கொடுக்கலாம்.

சங்க காலத்துப் பாணனையும் தரை டிக்கெட் வாங்கிய கூலித் தொழிலாளியையும் ஒரே மரியாதையோடு வரலாற்றில் உட்கார வைத்தவர் சிவத்தம்பி. நம் திடலில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர்களுக்கும் அந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.